பூட்டிய அறையும் பிரிந்த குடும்பமும்

மயிலாப்பூரின் லஸ் பகுதி, பிரகாச மாதா ஆலயத்தால் பெயர் பெற்றது. அந்த ஆலயத்தின் பெயரைத் தாங்கிய சாலையின் நடைபாதையில் பல்லாண்டுகளாகப் பழைய புத்தகக் கடை ஒன்று இருந்துவந்தது. சட்ட நூல்கள், பள்ளிப் பாடநூல்கள், பக்திப் பிரசுரங்கள் ஆகியவற்றின் இடையே, அட்டை கிழிந்து, முனை மடிந்து, பலர் கைபட்டுப் பழுத்த துப்பறியும் நாவல்களும் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். அதிகம் படிக்கப்பட்டவை எவை என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. அவற்றின் நைந்த நிலையே அதைச் சொல்லிவிடும்.

"கொலைக் கதை படித்துக் கெட்டுப் போகாதே" என்று நம் இல்லங்களில் பெரியவர்கள் கண்டித்ததுண்டு. கண்டித்தவரின் தலையணைக்கு அடியிலும் அத்தகைய நூல் ஒன்று இருந்திருக்கக்கூடும் என்பது வேறு செய்தி. நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு சமுதாயம் ஒருவகைக் கதையை விடாமல் படித்து வருகிறதென்றால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியுமா? அந்தக் கதைகளில் நம்முடைய முகம் ஏதேனும் தெரிகிறதா என்று பார்ப்பது பயனுள்ள முயற்சியாகும்.

மர்ம நாவல் 'கொன்றவர் யார்?' என்ற வினாவோடு தொடங்குகிறது. ஆனால் தமிழ் மர்ம நாவலின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், அதன் அடியில் மற்றொரு வினா ஓடிக்கொண்டிருப்பது புலப்படும். 'இந்தக் குடும்பம் எதை மறைத்தது? யாருக்கு அஞ்சி மறைத்தது?' என்பதே அது.

இழந்தவளின் விசாரணை

துப்பறியும் கதை மேலைநாட்டிலிருந்து வந்த சரக்கு என்பது பொதுவான எண்ணம். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841-இல் எழுதிய சிறுகதையிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவர். வடிவத்தைப் பொறுத்தமட்டில் அது சரியே. ஆயினும், புதைக்கப்பட்ட உண்மையைச் சான்று காட்டி வெளிக்கொணரும் கதை அதனினும் மிகத் தொன்மையானது.

தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவின் வரலாற்றை நாம் அறிவோம். பொய்ச்சான்று கூறிய முதியோர் இருவரையும் இளைஞன் தானியேல் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் அவளைக் கண்டீர்கள் என்று கேட்கிறான். இருவரும் வெவ்வேறு மரத்தின் பெயரைச் சொல்கின்றனர். பொய் அங்கேயே உடைகிறது. ஆங்கில மர்ம எழுத்தாளரான டோரதி சேயர்ஸ் அம்மையார் 1928-இல் துப்பறியும் கதைகளின் பெருந்தொகுப்பு ஒன்றை வெளியிட்டபோது, இந்த விவிலியக் கதையையும் அதில் சேர்த்தார்.

தமிழில் இதற்கு இணையாகச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நிற்கிறது. அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன், விற்க வந்த கோவலன்மீது பழியைச் சுமத்துகிறான். விசாரணையின்றிக் கோவலன் கொலையுண்கிறான். கண்ணகி அரசவைக்கு வருகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. இன்றைய நீதிமன்றமும் ஏற்கக்கூடிய பௌதிகச் சான்று அது.

இரு கதைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தானியேல் வெளியிலிருந்து வந்தவன். கண்ணகியோ இழப்பைத் தன்மேல் சுமந்தவள். தமிழ் மரபில் உண்மையைத் தேடிப் புறப்பட்டவள், பறிகொடுத்தவளே. உண்மை வெளிப்பட்ட பின்னும் அவளுக்கு வீடு திரும்பவில்லை, கணவன் எழுந்து வரவில்லை, மதுரை எரிந்தது. உண்மை தெரிந்துவிட்டால் துயரம் தீர்ந்துவிடும் என்று அந்தக் காப்பியம் நமக்கு வாக்களிக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நீதிமன்றத்திலிருந்து நாவலுக்கு

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர் என்பதும், மாயவரத்தில் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர் என்பதும் நம் வாசகர் அறிந்ததே. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862-இல் அச்சிட்டவரும் அவரே. அவருடைய நாவல் மர்ம நாவலன்று. எனினும், குடும்ப வழக்குகளை நாள்தோறும் கேட்ட ஒரு நீதிபதியின் மேசையிலிருந்து தமிழ் நாவல் பிறந்தது என்பது சிந்தனைக்குரியது. சொத்து, பாகப்பிரிவினை, மாமியார் வீட்டுப் பிணக்கு, பொய்ச்சாட்சி ஆகியவை தொடக்கத்திலேயே தமிழ் உரைநடைக் கதையின் உள்ளே வந்துவிட்டன.

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1894-இல், பண்டித ச.ம. நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற நூலை வெளியிட்டார். தானவன் என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைச் சொல்லும் அந்நூலையே தமிழின் முதல் துப்பறியும் நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். ஷெர்லக் ஹோம்ஸ் ஆங்கிலத்தில் முதன்முதலாகத் தோன்றியது 1887-இல். ஏழே ஆண்டுகளில் தமிழிலும் துப்பறிவாளன் பிறந்துவிட்டான்.

நடேச சாஸ்திரி வெறும் கதாசிரியர் அல்லர். தொல்லியல் துறையில் பணியாற்றியவர். தென்னாட்டின் வாய்மொழிக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டு மேலைநாட்டு அறிஞரின் கவனத்தை ஈர்த்தவர். மண்ணுக்குள் புதைந்ததைத் தேடிய ஒருவரே, பாட்டிமார் சொல்லிவந்த கதைகளைத் தேடிய ஒருவரே, குற்றத்தின் சுவட்டைத் தேடும் நாவலையும் எழுதினார். இம்மூன்றும் ஒரே தொழிலின் மூன்று கிளைகள் என்று சொல்லத் தோன்றுகிறது. 'திக்கற்ற இரு குழந்தைகள்' என்பது அவருடைய மற்றொரு நாவலின் பெயர். குடும்பத்தை இழந்த குழந்தைகள் தமிழ் நாவலின் தொடக்கக் காலத்திலேயே நம் முன் வந்து நின்றுவிட்டனர்.

காணாமற்போன மருமகள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் சென்னையில் மலிவுப் பதிப்பு நாவல்கள் பெருகின. 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராயிருந்த ஆரணி குப்புசாமி முதலியார், ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் கதைகளைத் தழுவி 'இரத்தினபுரி இரகசியம்' முதலான நீண்ட நாவல்களை எழுதினார். பின்வந்த இலக்கியவாதிகள் இவ்வகைத் தழுவல்களை மதிக்கவில்லை. புதுமைப்பித்தன் தழுவல் இலக்கியத்தைக் கடுமையாகவே சாடினார். அவர் சாடியதில் நியாயம் உண்டு. ஆனால், அந்தத் தழுவல்களே ஆயிரக்கணக்கான தமிழரை நாவல் படிக்கும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தன என்பதையும் மறுக்க இயலாது.

இவர்களுள் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942) தனித்து நிற்கிறார். மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரிலிருந்து வந்து சென்னையில் எழுதிப் புகழ்பெற்றவர். 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்' ஆகியவை அவர் எழுதியவற்றுள் பெயர் பெற்றவை. அவர் படைத்த திகம்பர சாமியார் மாறுவேடம் பூண்டு குற்றங்களைத் துலக்குபவர். அந்தப் பாத்திரத்தை வைத்து மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1950-இல் எடுத்த திரைப்படத்தில் எம்.என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார்.

'மேனகா' நாவலின் மையம் என்ன? புகுந்த வீட்டிலிருந்து ஓர் இளம்பெண் காணாமற்போகிறாள். அவள் தானாகவே ஓடிப்போனாள் என்று உலகம் நம்பும்படி செய்யப்படுகிறது. சூழ்ச்சி எங்கிருந்து கிளம்பிற்று? ஊருக்கு வெளியேயுள்ள கள்வரிடமிருந்தன்று. கணவனின் உடன்பிறந்தவர்கள் வாழும் அதே வீட்டுக்குள்ளிருந்து. ஒரு பெண்ணைப் பற்றி 'ஓடிப்போனாள்' என்று சொல்லிவிட்டால் போதும். அதன்பின் அவளை யாரும் தேடமாட்டார்கள், பெற்றவரும் தலைகுனிந்து வாய்மூடிவிடுவர். இந்தச் சமூக உண்மையை வடுவூரார் கதையின் பூட்டாக அமைத்தார். அவர் கண்ட மர்மம் ஒரு கொலைகாரனின் தந்திரத்தில் இல்லை. குடும்ப மானத்தைப் பற்றிய அச்சத்தில் இருந்தது.

அதே காலத்தில் திருவல்லிக்கேணியிலிருந்து வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' இதழை 1925 முதல் நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய அவர், துப்பறியும் கதைகளையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுக்குள் நடப்பதை வீட்டுக்குள்ளிருந்தே கண்டவர் அவர். பள்ளி சென்று பயிலும் வாய்ப்புப் பெறாத ஒரு பெண் இதழாசிரியராக உயர்ந்ததே அந்நாளில் பெருவியப்பு.

கற்பனையை விஞ்சிய வழக்கு

'மேனகா' 1935-இல் திரைப்படமாயிற்று. டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த அப்படத்தில் ஓர் இளம் நகைச்சுவை நடிகரும் இடம்பெற்றார். அவர் பெயர் என்.எஸ். கிருஷ்ணன். ஒரு மர்மக் கதையில் நடித்தவர், பத்தாண்டுகளுக்குள் உண்மையான மர்மம் ஒன்றில் சிக்குவார் என்று அன்று யார் நினைத்திருக்க முடியும்?

லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற இதழையும், பின்னர் 'இந்து நேசன்' என்ற இதழையும் நடத்தினார். திரையுலகினர் உள்ளிட்ட புகழ்பெற்றோரின் அந்தரங்கங்களை அச்சிட்டு விற்பதே அவற்றின் தொழில். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரிப் பகுதியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945-இல் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவின்பேரில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1947-இல் இருவரும் விடுதலையாயினர். கொன்றவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. தமிழகத்தின் மிகப் புகழ்பெற்ற மர்மக் கதைக்குக் கடைசி அத்தியாயமே இல்லை.

இவ்வழக்கு நம் பொருளுக்கு ஏன் தேவைப்படுகிறது? மறைபொருளை வெளிப்படுத்துவோர் இருவகையினர் என்பதை அது காட்டுகிறது. துப்பறிவாளன் உண்மையை வெளிப்படுத்துவது, குற்றமற்றவனை விடுவிப்பதற்காக. மஞ்சள் பத்திரிகை வெளிப்படுத்துவது, விற்பதற்காக. இரண்டும் ஒரே கதவைத்தான் திறக்கின்றன. ஆனால் திறக்கும் நோக்கம் வேறு. அந்த இதழ்களுக்குச் சந்தை இருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. பிறர் வீட்டுக் கதவிடுக்கில் காது வைப்பதில் நமக்குள்ள ஆசையே அந்தச் சந்தை. பாகவதரின் கலைவாழ்வு அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை, 1959-இல் காலமானார். 1957-இல் மறைந்த கலைவாணருக்குத் தியாகராய நகரில் 1969-இல் சிலை எழுந்தது. அந்தச் சிலையைக் கடந்து செல்வோரில் எத்தனை பேர் அவர் சிறையில் கழித்த ஆண்டுகளை நினைப்பர்?

சிரிப்பும் தேநீரும் அறிவியலும்

விடுதலைக்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளில் மர்மக் கதை வார இதழ்களுக்குள் குடியேறியது. 'ஆனந்த விகடன்' இதழில் பணியாற்றிய தேவன் (ஆர். மகாதேவன், 1913–1957) 'துப்பறியும் சாம்பு'வைப் படைத்தார். சாம்பு வங்கிக் குமாஸ்தா. அறிவுக்கூர்மை என்பதையே அறியாதவர். தற்செயலாகவே உண்மையைக் கண்டுபிடித்துப் பெரும்புகழ் அடைகிறார். துப்பறிவாளனின் மேதைமையைத் தேவன் அன்போடு கேலி செய்தார். அதே தேவன் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' நாவலில் ஒரு கொலை வழக்கின் விசாரணையை, இந்தியாவில் பின்னர் ஒழிந்துபோன ஜூரி முறையோடு, நீதிமன்றத்திலேயே நமக்கு இருக்கை போட்டுக் காட்டுகிறார். 1901-இல் தொடங்கப்பட்டு மயிலாப்பூரில் இயங்கிவரும் அல்லயன்ஸ் நிறுவனம் அவருடைய நூல்களைப் பின்னாளில் மறுபதிப்பாகக் கொண்டுவந்து புதிய தலைமுறையிடம் சேர்த்தது.

'கல்கண்டு' இதழின் ஆசிரியர் தமிழ்வாணன் (1926–1977) சங்கர்லாலைப் படைத்தார். தேநீர் அருந்தியபடியே சிந்திக்கும் இந்தத் துப்பறிவாளர் உலக நகரங்களையெல்லாம் சுற்றிவந்தார். தமிழ்வாணனின் நூல்கள் தியாகராய நகர் தணிகாசலம் சாலையிலுள்ள மணிமேகலைப் பிரசுரத்தின் வழியே தமிழுலகெங்கும் சென்றன.

பின்னர் வந்தவர் சுஜாதா (1935–2008). 1968-இல் 'குமுதம்' இதழில் தொடராக வந்த 'நைலான் கயிறு' அவருடைய முதல் நாவல். வழக்கறிஞர் கணேஷ் அறிமுகமானதும் அதில்தான். பம்பாய் அடுக்ககத்தில் நடந்த ஒரு கொலையை அது சொல்கிறது. அதன் ஊடே வேறொரு குரல் ஒலிக்கிறது. அது சுநந்தா என்ற பெண்ணின் நாட்குறிப்பு. முடிவைச் சொல்லி வாசகரின் சுவையைக் கெடுக்க விரும்பவில்லை. கயிற்றைத் தொடர்ந்து செல்பவர் அனைவரும், இறுதியில் அந்த நாட்குறிப்பின் முன்பாகவே வந்து நிற்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். தடயங்களின் கணக்கு முடிந்த இடத்தில் ஓர் இழப்பின் கணக்கு தொடங்குகிறது.

சென்னையில் எழுதிய கிராமம்

இங்கே ஒரு புதிரைக் கவனிக்க வேண்டும். இந்நூல்கள் பெரும்பாலும் அச்சானது சென்னையில். விற்றதும் படிக்கப்பட்டதும் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும். ஆனால் மர்மம் உறையும் இடமாக நம் வாசகர் மனத்தில் ஆழப் பதிந்தது ஊர்ப்புறத்துப் பழைய வீடு. கும்பகோணத்து வக்கீலிலிருந்தே இந்த இழை தொடங்குகிறது. சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ', நாட்டுப்பாடல் ஆய்வுக்காகக் கிராமத்துக்கு வந்து ஜமீன் மாளிகையில் தங்கும் கல்யாணராமனின் கதை. அது 1981-இல் திரைப்படமுமாயிற்று. 1990-களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த 'விடாது கருப்பு' தொடரை மறந்தவர் உண்டா? 2024-இல் மறைந்த மதுரை எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் கதை அது. அந்நாள்களில் அது ஒளிபரப்பாகும் வேளையில் சென்னைவாசிகளும் தங்கள் வீட்டில் விளக்கை அணைக்கத் தயங்கினர். காவல் தெய்வத்தின் பெயரால் ஊர் நடுங்கிக்கொண்டிருக்க, வேரோ ஒரு குடும்பத்தின் பழைய காயத்தில் இருந்தது.

நகரத்தார் ஏன் கிராமத்து வீட்டைக் கண்டு அஞ்ச வேண்டும்? அந்த வீட்டை விட்டு வந்தவர்கள் அவர்களே என்பதுதான் விடை என்று நான் கருதுகிறேன். 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாயிற்று. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. விடுதலையையொட்டி அடையாற்றில் காந்தி நகர் எழுந்தது. தஞ்சை, திருச்சி, நெல்லை மாவட்டங்களிலிருந்து கல்விக்கும் வேலைக்குமாகக் குடும்பங்கள் வந்து குவிந்தன. பூர்வீக வீடு பாகம் பிரிந்தது, விலையாயிற்று, அல்லது ஒரு முதிய அத்தையோடு பூட்டிக் கிடந்தது. மாம்பலத்து மாடிப் போர்ஷனில் அமர்ந்து மர்ம நாவல் படித்தவர், தாம் பூட்டிவிட்டு வந்த அறையைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தார்.

அந்த அறையில் அப்படி என்ன இருந்தது? சட்டம் அதற்கு ஒரு பகுதி விடை தருகிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே உரிமை என்பது பழைய இந்துச் சட்டம். எனவே யார் யாருக்குப் பிறந்தார் என்பது அன்பைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. நிலத்தைப் பற்றிய கேள்வியாகவும் இருந்தது. கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் ஆயுட்கால உரிமை கிடைத்ததே 1937-இல்தான். கூட்டுச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989-இல். நாடு முழுமைக்கும் அது வந்தது 2005-இல். காணாமற்போன உயில், மறைக்கப்பட்ட முதல் மனைவி, பெயர் மாற்றி வளர்க்கப்பட்ட குழந்தை, பைத்தியம் என்று முத்திரை குத்தி அடைக்கப்பட்ட பெண் ஆகிய மர்ம நாவலின் சரக்குகள் அனைத்தும் இந்தச் சட்டங்களின் நிழலில் முளைத்தவை. நாவலாசிரியர்கள் அவற்றைப் புனைந்தார்கள் என்பதைவிட, பதிவு செய்தார்கள் என்பதே பொருந்தும்.

கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு

ஆங்கில நாட்டில் மர்மக் கதைக்குக் கத்தோலிக்கர் அளித்த பங்கு சிறிதன்று. ஜி.கே. செஸ்டர்டன் 1910-இல் தந்தை பிரவுன் என்ற குருவைத் துப்பறிவாளராகப் படைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1922-இல், அவரே கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். தந்தை பிரவுன் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு தேடுவதில்லை. குற்றவாளியின் உள்ளத்துக்குள் தாம் புகுந்து, அந்தக் குற்றத்தைத் தாமே செய்யக்கூடியவர் என்று உணர்ந்த பின்னரே அவனைக் கண்டுகொள்கிறார். மற்றொருவர் ரொனால்ட் நாக்ஸ். குருவாகிய இவர் மர்ம நாவல்கள் எழுதியதோடு, 1929-இல் அவற்றுக்குப் பத்து விதிகளையும் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வாசகருக்கு அறிமுகமாகியிருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. விளையாட்டாக எழுதிய விதி அது. ஆனால் எத்துணை ஆழமான விதி! நம்மைப் பெரிதும் காயப்படுத்துபவர் அந்நியராக இருப்பது அரிது. முதல் அத்தியாயத்திலிருந்தே நம்மோடு உணவருந்தியவர் அவர். காயின் ஆபேலுக்கு அந்நியனா?

குற்றவாளி பிடிபட்டதும் நாவல் முடிந்துவிடுகிறது. துப்பறிவாளர் தேநீர் அருந்தப் போய்விடுகிறார். அந்த வீட்டில் எஞ்சியவர்களோ மறுநாள் காலையில் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். அங்கிருந்துதான் பங்குக் குருவின் பணி தொடங்குகிறது.

பங்கு இல்லங்களில் காக்கப்படும் திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகள் ஒருவகையில் மர்ம நூல்களே. சான்றிதழ் கேட்டு வருவோர், தேடிவந்த பெயருக்குப் பக்கத்தில் தேடாத பெயர் ஒன்றைக் கண்டு திகைத்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று நாள்களே வாழ்ந்த ஒரு குழந்தை. வீட்டில் யாரும் பேசியிராத ஓர் அத்தை. 'அம்மா இதைப் பற்றிச் சொன்னதேயில்லையே' என்பார்கள். சொல்லாமலே சுமந்த தாயின் வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கும்.

இறப்பின் காரணத்தை மாற்றிச் சொல்லும் குடும்பங்களும் உண்டு. 'தீராத வயிற்றுவலி' என்ற சொற்றொடருக்குத் தமிழ்ச் செய்தித்தாள்களில் என்ன பொருள் என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே நாம் நேர்மையாகப் பேசவேண்டும். வேண்டுமென்றே தன்னுயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கு மறுக்கப்பட வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறியது. 1983-இல் வெளிவந்த புதிய தொகுப்பில் அந்தத் தடை இடம்பெறவில்லை. கடுமையான மனநலக் குலைவும் பெருந்துயரமும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அத்தகையோரின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழத்தல் ஆகாது என்றும் 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. சட்டம் மாறிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் தெருவின் நாக்கு மாறிற்றா? மகனை இழந்த தாய், அவன் எப்படி இறந்தான் என்பதைத் தன் சொந்தத் தங்கையிடமும் சொல்ல அஞ்சுகிறாள் என்றால், அந்த இல்லத்தில் ஓர் அறையைப் பூட்டியவர்கள் யார்? அவளா, நாமா?

மறைபொருள் எல்லாமே தீயதன்று. ஒப்புரவு அருள்சாதனத்தின் முத்திரை எக்காரணம் கொண்டும் உடைக்கப்படலாகாது. ஏனெனில் அங்கே காக்கப்படும் மௌனம், பேசியவரை விடுவிக்கிறது. ஒருவரைப் பேசவைத்தபின் காக்கும் மௌனம் வேறு. ஒருவரைப் பேசவே விடாமல் அடக்கும் மௌனம் வேறு. முன்னது அடைக்கலம், பின்னது சிறை. 'மேனகா'வின் வீட்டில் இருந்தது பின்னது. சுநந்தா தன் நாட்குறிப்பிடம் மட்டுமே பேச நேர்ந்ததும் அதனால்தான்.

தமிழ் மர்ம நாவல்கள் 2008-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத் தொகுப்புகளாகவும் வெளிவந்து உலகின் கவனத்தைப் பெற்றுள்ளன. ஒருகாலத்தில் யாரும் பொருட்படுத்தாத மலிவு அச்சு நூல்கள், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஆவணங்களாகப் போற்றப்படுகின்றன. ஆய்வாளர்கள் அவற்றில் மொழியையும் அச்சு வரலாற்றையும் தேடுவார்கள், தேடட்டும். சாதாரண வாசகராகிய நாம் அவற்றில் தேட வேண்டியது வேறொன்று உண்டு.

அடுத்தமுறை ஒரு மர்ம நாவலைக் கையில் எடுக்கும்போது, துப்பறிவாளரோடு மட்டும் ஓடாமல், இறந்தவரின் வீட்டுத் திண்ணையிலும் சற்று அமர்ந்து பாருங்கள். அங்கே அழுதுகொண்டிருப்பவர் எதைச் சொல்ல அஞ்சுகிறார் என்று கேளுங்கள். பின்னர் புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் தெருவில் அண்மையில் துக்கம் நடந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் எதையும் துருவிக் கேட்க வேண்டாம். அவர் பேச விரும்பும் நாளில், அஞ்சாமல் வந்து பேசத்தக்க ஒருவராக நாம் இருந்தால் போதும்.